அயர்லாந்தின் ராஸ் சைக்கிள் பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்ப்பது எப்படி?

ராஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ராஸ் டால்டன் பலநாள் சைக்கிள் பந்தயத்தைப் பார்க்க நுழைவுச்சீட்டு கிடையாது. அரங்கமும் இருக்கையும் கிடையாது. அயர்லாந்தின் நாட்டுப்புறச் சாலைகளே அதன் ஆடுகளம் என்பதால், வேலியோரம் நிற்க ஓர் இடம் கிடைத்த எவரும் அதைப் பார்க்கலாம். ஆனால் முதல்முறை வருபவர்களில் பலர், வண்டி நிறுத்த வசதியாக இருக்கிறதே என்று ஒரு நேர்சாலையில் போய் நின்று, வெகுநேரம் காத்திருந்து, பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் எல்லாம் கடந்துபோய்விட, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்ற சலிப்போடு திரும்புகிறார்கள். எங்கே நிற்பது, எந்த வண்டி வந்தால் என்ன பொருள், முன்னால் போகிறவர்களைப் போலவே பின்னால் வருகிறவர்களையும் ஏன் பார்க்க வேண்டும் என்பவை தெரிந்துவிட்டால், அதே பந்தயம் அரைமணி நேரக் காட்சியாக விரியும். அதற்கான வழிமுறைகளை வரிசையாகத் தருகிறது இக்கட்டுரை.

படி 1: பந்தயத்தின் அமைப்பை அறிந்துகொள்ளுங்கள்

ராஸ், 1953-ஆம் ஆண்டில் ஜோ கிறிஸ்டில் என்பவரின் முயற்சியால், டப்ளினிலிருந்து வெக்ஸ்ஃபோர்டு சென்று திரும்பும் இரண்டு நாள் பந்தயமாகத் தொடங்கியது. அந்த முதல் பந்தயத்தை வென்றவர் அவருடைய சகோதரர் கோல்ம் கிறிஸ்டில். அடுத்த ஆண்டே அது எட்டு நாள் பந்தயமாக வளர்ந்துவிட்டது. அக்காலத்தில் அயர்லாந்தின் சைக்கிள் விளையாட்டு அரசியல் காரணங்களால் பிளவுபட்டிருந்தது. தீவின் 32 கவுன்டிகளும் (நம்மூர் மாவட்டங்களைப் போன்ற பிரிவுகள்) ஒரே அமைப்பின் கீழ்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற தேசிய சைக்கிள் சங்கத்தைச் சர்வதேசக் கூட்டமைப்பு ஏற்காததால், அச்சங்கத்தின் வீரர்களுக்கு வெளிநாட்டுப் பந்தயங்களின் கதவு அடைபட்டே இருந்தது. அவர்களுக்கென்று இருந்த பெரிய மேடை ராஸ் ஒன்றுதான். 1956-இல் பந்தயம் பிரிட்டனின் ஆட்சியிலுள்ள வட அயர்லாந்தின் குக்ஸ்டவுன் நகரை அடைந்தபோது, உடன் சென்ற வண்டியில் பறந்த அயர்லாந்தின் மூவர்ணக் கொடியை அகற்றக் காவல்துறை முற்பட, கைகலப்பே மூண்டது. இந்தப் பின்னணியை ஓரளவு அறிந்து வைத்திருப்பது நல்லது; இல்லாவிட்டால், ஒரு சிற்றூரின் முதியவர் இந்தப் பந்தயத்தைப் பற்றி ஏன் இவ்வளவு உணர்ச்சியோடு பேசுகிறார் என்பது வெளியூர்க்காரருக்கு விளங்காது.

பிற்காலத்தில் பிளவு நீங்கியது. வெளிநாட்டு அணிகளின் வருகையும் பெருகியது. 1979-இல் பத்தொன்பது வயதில் இப்பந்தயத்தை வென்ற ஸ்டீஃபன் ரோஷ், 1987-இல் இத்தாலியின் ஜிரோ, டூர் டி பிரான்ஸ், உலகச் சாம்பியன் பட்டம் ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டில் கைப்பற்றினார். 1962, 1965, 1966, 1967 என நான்கு முறை ராஸை வென்ற ஷே ஓஹான்லனின் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. 2018 வரை சர்வதேச நாட்காட்டியில் எட்டு நாள் பந்தயமாக இருந்த ராஸ், பணம் தரும் பெரிய ஆதரவாளர் இல்லாமல் 2019-இல் நின்றுபோனது. அடுத்த இரண்டு ஆண்டுகளைக் கொரோனா விழுங்கியது. 2022 ஜூனில் ஐந்து நாள் பந்தயமாக அது மீண்டும் உயிர்பெற்றது. 2023 முதல் மே மாதத்தின் பிற்பாதியில், புதன்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும் வகையில் நடந்துவருகிறது. ஆண்டுதோறும் வழித்தடம் மாறும் என்பதால், பயணத்தைத் திட்டமிடுமுன் அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

இனி விதிமுறைகள். ஒவ்வொரு நாளும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர்வரை நடக்கும் ஓட்டம் ஒரு 'கட்டம்' எனப்படும். பெரும்பாலும் அது 130 முதல் 180 கிலோமீட்டர் வரை இருக்கும். ஒவ்வொரு வீரரும் எல்லாக் கட்டங்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டும்போது மிகக் குறைவாக எடுத்தவரே ஒட்டுமொத்தத்தில் முதலிடம் பெறுவார். அவர் மறுநாள் மஞ்சள் ஜெர்சி அணிந்து ஓட்டுவார். புள்ளிகளுக்கும், மலையேற்றத்துக்கும், இளைய வீரர்களுக்கும் தனித்தனி வரிசைகள் உண்டு. புதியவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரே கூட்டமாக எல்லைக்கோட்டைக் கடப்பவர்கள் அனைவருக்கும் ஒரே நேரம்தான் பதிவாகும். எனவே நூறு பேர் ஒன்றாக வந்து சேரும் கட்டத்தில், கடைசி இருநூறு மீட்டரில் யார் முந்தினார் என்பது அந்த நாளின் பரிசைத் தீர்மானிக்குமே தவிர, மஞ்சள் ஜெர்சியின் கணக்கைப் பெரிதாக மாற்றிவிடாது. கூட்டம் எங்கே உடைகிறதோ அங்கேதான் பந்தயம் தீர்மானிக்கப்படுகிறது. அயர்லாந்தில் அதை உடைப்பவை இரண்டு: குட்டையான, செங்குத்தான மேடுகள், அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் காற்று.

படி 2: கவுன்டி வீரர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ராஸைப் பார்க்கப் போகிறவர் இதைத் தெரியாமல் போனால் பாதிப் பந்தயத்தைத் தவறவிட்டதாகவே பொருள். தேசிய அணிகளும் வெளிநாட்டு அணிகளும் ஒருபுறம் போட்டியிட, அதே சாலையில் அதே நேரத்தில் மெயோ, கெர்ரி, டிப்பரரி போன்ற கவுன்டிகளின் பெயரிலும் உள்ளூர்க் கழகங்களின் பெயரிலும் அணிகள் ஓட்டுகின்றன. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள்: விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கும் ஆசிரியர், மின்பணியாளர், பால்பண்ணைக்காரர், மாணவர். அவர்களுக்கென்று தனிப் பரிசும் தனி வரிசையும் இருக்கின்றன. ஐந்து நாளும் முடித்துவிட்டாலே போதும்; 'மேன் ஆஃப் தி ராஸ்' என்ற பெயர் ஆயுள் முழுவதும் உடன் வரும். ஒட்டுமொத்தத்தில் தொண்ணூறாவது இடத்தில் வந்தவருக்கும் தம் ஊரில் அந்த மரியாதை குறைவதில்லை.

இந்த மரபின் உச்சம் கெர்ரியைச் சேர்ந்த மிக் மர்ஃபி. 1958-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் சைக்கிள் பழுதானபோது, சாலையோரம் நின்றிருந்த ஒரு விவசாயியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னே சென்றவர்களைத் துரத்தினார் என்பதும், பின்னர் விழுந்து கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தும் விலகாமல் ஓட்டி ஒட்டுமொத்தப் பந்தயத்தையும் வென்றார் என்பதும் அயர்லாந்தின் சைக்கிள் வட்டாரங்களில் இன்றும் அடிக்கடி சொல்லப்படும் செய்திகள். அவரைப் பற்றி உலவும் மற்றக் கதைகளில் எத்தனை மெய், எத்தனை பிற்சேர்க்கை என்று பிரிப்பது கடினம். அந்த வெற்றியில் மட்டும் ஐயமில்லை.

படி 3: எந்தக் கட்டம், எந்த இடம் என்று முடிவு செய்யுங்கள்

ஐந்து நாளும் பின்தொடர எல்லோராலும் முடியாது. ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் முதல் நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று எல்லோரும் புத்துணர்வோடு இருப்பதால், கூட்டம் பெரும்பாலும் உடையாமல் வந்து சேர்கிறது. கடைசி நாளில் கொண்டாட்டம் மிகுதி, குடும்பத்தோடு போவதற்கு ஏற்றது. ஆனால் பந்தயத்தைப் பார்க்க வேண்டுமானால் மூன்றாம் அல்லது நான்காம் நாளே சிறந்தது என்பது என் கருத்து. கால்கள் களைத்திருக்கும், மஞ்சள் ஜெர்சிக்காரரின் அணியும் பாதி சோர்ந்திருக்கும், இழப்பதற்கு எதுவுமில்லாத கவுன்டி வீரர்கள் துணிந்து தாக்கத் தொடங்கியிருப்பார்கள்.

நாளை முடிவு செய்தபின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நேர்சாலையில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கூட்டம் விநாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் நகர்கிறது. நூற்றைம்பது மீட்டர் நீளமுள்ள கூட்டம் பன்னிரண்டு விநாடிகளில் உங்களைக் கடந்துவிடும். அதே கூட்டம் ஒரு மேட்டில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி, முந்நூறு மீட்டர் நீளத்துக்கு இழுபட்டு வந்தால், கிட்டத்தட்ட ஒரு நிமிடம் முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கலாம். பின்தங்கியவர்கள் தனித்தனியாக வரும் நேரம் இதற்கு மேல். ஆகவே மேடுதான் சரியான இடம்.

அயர்லாந்தின் மிக உயரமான சிகரமான கேரன்டூஹிலே 1,038 மீட்டர்தான் என்பதால், ஆல்ப்ஸ் மலையில் இருப்பதுபோல ஒருமணி நேரம் ஏறிக்கொண்டே இருக்கும் சாலைகள் அங்கே இல்லை. மாறாக, கிளேர் கவுன்டியில் பாலிவானுக்கும் லிஸ்டூன்வார்னாவுக்கும் இடையே வளைந்து வளைந்து ஏறும் கார்க்ஸ்க்ரூ மேடு, கெர்ரியின் டிங்கிள் தீபகற்பத்தைக் குறுக்கே கடக்கும் கானர் கணவாய், டோனகாலின் இனிஷோவனில் கிட்டத்தட்டச் சுவரைப்போல நிற்கும் மேமோர் கணவாய் போன்ற சாலைகள் இருக்கின்றன. இவற்றில் எது அந்த ஆண்டின் வழித்தடத்தில் வருகிறது என்று பாருங்கள். புகழ்பெற்ற ஏற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. மலைகள் கடினத்தைப் பொறுத்து வகைப்படுத்தப்பட்டிருக்கும்; முதல் வகையே மிகக் கடினம். கட்டத்தின் கடைசி நாற்பது கிலோமீட்டருக்குள் வரும் ஒரு மூன்றாம் வகை மேடு, காலையிலேயே கடந்துவிடும் ஒரு முதல் வகை மலையைவிடப் பல நாட்களில் நல்ல காட்சியைத் தரும்.

காற்றுக்கும் இதேபோல் வரைபடத்திலேயே இடம் பார்க்கலாம். அயர்லாந்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. உள்நாட்டுச் சாலைகளில் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த புதர்வேலிகள் அதைத் தடுத்துவிடுகின்றன. அந்த வேலிகள் முடிந்து, மெயோவின் கரிச்சதுப்பு நிலமோ, கிளேரின் பரன் பகுதியில் முழங்காலுயரக் கல்சுவர்களோ தொடங்கும் இடத்தில் காற்று பக்கவாட்டில் அறைகிறது. முன்னால் இருப்பவரின் மறைவில் ஓட்டுபவர் சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பை மிச்சப்படுத்துகிறார். காற்று பக்கவாட்டில் வரும்போது அந்த மறைவு நேர்பின்னால் இருப்பதில்லை, சற்றுச் சாய்வாக இருக்கிறது. எனவே வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்வரிசை கட்டுகிறார்கள். குறுகலான சாலையில் அந்த வரிசைக்குள் பத்துப் பேருக்கு மேல் இடமிருக்காது. பதினோராவது ஆள் முதல் எல்லோரும் சாலையின் ஓரத்தில், மறைவே இல்லாமல், ஒற்றை வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஒரு திருப்பத்தில் நின்றால், மலையே இல்லாமல் பந்தயம் உடைவதைக் கண்ணால் காணலாம்.

படி 4: நேரத்தைக் கணக்கிட்டு, முன்கூட்டியே போய்ச் சேருங்கள்

அமைப்பாளர்கள் வெளியிடும் கால அட்டவணையில், ஒவ்வோர் ஊரையும் பந்தயம் கடக்கும் உத்தேச நேரம் வெவ்வேறு வேகங்களுக்கு ஏற்பக் கொடுக்கப்பட்டிருக்கும். நூறாவது கிலோமீட்டரில் நிற்பவருக்கு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கும் 44 கிலோமீட்டர் வேகத்துக்கும் இடையே சுமார் 14 நிமிட வேறுபாடு வரும். வேகமான கணக்கை நம்பி, அதற்கும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே இடத்தில் இருங்கள். புறப்படும் ஊரில் வீரர்கள் முதலில் போட்டியின்றி மெதுவாக அழைத்துச் செல்லப்பட்டு, ஊர் எல்லை தாண்டியதும் கொடியசைத்த பின்னர்தான் மெய்யான ஓட்டம் தொடங்கும். அட்டவணையின் கிலோமீட்டர் கணக்கு அங்கிருந்துதான் என்பதையும் மறக்கக் கூடாது.

போக்குவரத்து குறித்து ஓர் எச்சரிக்கை. டப்ளினின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கார்க், கால்வே, டிராலி போன்ற ஊர்களுக்கு ரயில் உண்டு. அதற்கு அப்பால் மலைச்சாலைகளுக்குப் பேருந்து கிடைப்பது அரிது. ரயிலில் சைக்கிளை ஏற்றிச் சென்று, நிலையத்திலிருந்து ஓட்டிப் போவது சிறந்த வழி. நீண்டதூர ரயில்களில் சைக்கிளுக்கான இடத்தை முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். வாடகைக் காரில் செல்பவர்கள், நம்மூரைப் போலவே அங்கும் இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் சிரமப்பட மாட்டார்கள். ஆனால் 2025 பிப்ரவரி முதல் நாட்டுப்புற உள்ளூர்ச் சாலைகளின் பொதுவான வேக வரம்பு 80-இலிருந்து 60 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டிருக்கிறது. சில சாலைகளின் நடுவே புல்லே முளைத்திருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்னோக்கி ஓட்டிப்போய் வழிவிட வேண்டியிருக்கும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள், அயர்லாந்து ஷெங்கன் வட்டத்துக்குள் இல்லை, அதற்குத் தனி விசா வேண்டும் என்பதையும் பயணச்சீட்டு வாங்குமுன் நினைவில் கொள்க.

சாலை நாள் முழுவதும் மூடப்பட்டிருக்காது. பந்தயம் நெருங்கும்போது மூடி, அது கடந்ததும் திறந்துவிடும் நகரும் தடை முறைதான் அங்கே நடைமுறையில் இருக்கிறது. காவல்துறையினரோ மோட்டார் சைக்கிளில் வரும் வழிகாட்டுநர்களோ கைகாட்டினால், உடனே ஓரங்கட்டி இயந்திரத்தை அணைத்துவிட்டு இருக்க வேண்டும். பந்தயத்தை இரண்டாவது முறையும் பிடிக்கலாம் என்று காரில் துரத்துவது வேண்டாத வேலை; குறுக்குச் சாலையை முன்பே பார்த்து வைத்திருந்தால் ஒழிய, அணிக் கார்களின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு எதையும் பார்க்காமல் நாள் போய்விடும்.

மழையுடை கட்டாயம். மே மாதம்தானே என்று மெல்லிய சட்டையோடு போனால் மேட்டின் உச்சியில் நடுங்க வேண்டியிருக்கும். குடை வேண்டாம்: காற்று அதைப் பறித்து வீரரின் சக்கரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடக்கூடும்.

படி 5: வண்டிகளின் வரிசையைப் படியுங்கள்

முதலில் காவல்துறை மோட்டார் சைக்கிள்கள் விளக்குகளைச் சுழலவிட்டுக்கொண்டு வரும். அவை வந்தும் பத்து நிமிடம் எதுவும் நடக்காமல் இருக்கலாம். அடுத்து, பந்தயம் வருகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் முன்னணிக் கார். அதன் பிறகு சாலையைக் கடக்கவே கூடாது. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நாயின் கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள். நிற்குமிடம் எப்போதும் வளைவின் உட்புறமாக இருக்கட்டும். இறக்கத்தில் கட்டுப்பாடு இழக்கும் சைக்கிள் வெளிப்புறமாகத்தான் பாயும்.

முன்னே பிரிந்து செல்லும் சிறு குழு இருந்தால் அது முதலில் வரும். அதன் பின்னாலேயே ஒரு நடுவர் கார் ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். குழுவுக்கும் கூட்டத்துக்கும் இடைவெளி போதுமான அளவு இருந்தால்தான் நடுவர்கள் இடையில் கார் செல்ல அனுமதிப்பார்கள். அந்தக் கார் ஓரமாக ஒதுக்கப்பட்டால், பிரிந்தவர்களின் நேரம் முடியப்போகிறது என்று பொருள். குழுவின் கடைசி வீரர் உங்களைக் கடந்த நொடியில் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். பெருங்கூட்டத்தின் முதல் ஆள் வரும்போது மீண்டும் பாருங்கள். உங்கள் கையில் இப்போது அந்த இடத்தின் இடைவெளி இருக்கிறது. பொதுவாகப் பத்துக் கிலோமீட்டரில் ஒரு நிமிடத்தை மீட்டுவிடலாம் என்பது பழைய கணிப்பு. எல்லைக்கோட்டுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்க, இடைவெளி ஒன்றரை நிமிடம் என்றால், பிரிந்தவர்கள் பிடிபடலாம். நான்கு நிமிடம் என்றால் அவர்களில் ஒருவருக்கே அன்றைய வெற்றி. குறுகலான, வளைவுகள் நிறைந்த அயர்லாந்துச் சாலையில் இந்தக் கணிப்பு பிரிந்தவர்களுக்குச் சாதகமாகச் சற்றுப் பிசகும். பெருங்கூட்டத்தால் அங்கே முழுவேகம் எடுக்க முடிவதில்லை, முன்னே போகிறவர்கள் வெகுசீக்கிரம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

பெருங்கூட்டம் வரும்போது மஞ்சள் ஜெர்சியைத் தேடிக் கண்ணை அலையவிட வேண்டாம். முதலில் முன்வரிசையைப் பாருங்கள்: ஒரே நிற உடையணிந்த மூன்று நான்கு பேர் தலைமையில் ஓட்டினால், தம் தலைவருக்காக அவர்கள் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நான்காவது ஐந்தாவது ஆளாக மஞ்சள் ஜெர்சி இருந்தால் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. முன்வரிசையில் ஐந்து வெவ்வேறு நிறங்கள் கலந்திருந்தால், அல்லது மஞ்சள் ஜெர்சிக்காரர் தாமே முன்னால் நின்று இழுத்துக்கொண்டிருந்தால், அவருடைய துணைவர்கள் கழன்றுவிட்டார்கள் என்றும் அடுத்த மேட்டில் தாக்குதல் வரும் என்றும் கொள்ளலாம்.

கூட்டம் போனதும் பார்வையாளர்களில் பாதிப்பேர் காருக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் அசையாதீர்கள். கூரையில் சைக்கிள்களும் கண்ணாடியில் எண்களும் தாங்கிய அணிக் கார்கள் வரிசையாக வரும். அவற்றின் இடைவெளிகளுக்குள்தான் இன்னொரு பந்தயம் நடக்கிறது. சக்கரம் பஞ்சரானவரோ, மேட்டில் முப்பது மீட்டர் பின்தங்கியவரோ, ஒரு காரின் பின்பக்க மறைவிலிருந்து அடுத்த காரின் மறைவுக்குத் தாவித் தாவிக் கூட்டத்தை எட்ட முயல்வதை ஓர் அடி தூரத்தில் பார்க்கலாம்: திறந்த வாய், தொடையில் அப்பிய சேறு, பின்னாலிருந்து கார் ஓட்டுபவர் ஜன்னல் வழியே கத்தும் ஊக்கச்சொல். தண்ணீர்ப் புட்டியைக் காரிலிருந்து வாங்கும் கை, புட்டியை விடாமல் இரண்டு விநாடி கூடுதலாகப் பற்றியிருந்தால், அது தாகத்தால் மட்டுமல்ல. கார் தருகின்ற அந்தச் சிறு இழுப்பு விதிமீறல்தான் என்றாலும் நடுவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

அதற்கும் பின்னால், இருவர் மூவராக, சில வேளைகளில் ஒற்றை ஆளாக, கவுன்டி வீரர்கள் வருவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நேர வரம்பு உண்டு. வென்றவரின் நேரத்துக்கு மேல் குறிப்பிட்ட சதவீதத்துக்குள் வந்து சேராதவர் மறுநாள் புறப்பட முடியாது. ஆகவே இவர்கள் ஆற அமர ஓட்டுவதாக எண்ணிவிட வேண்டாம். கைதட்டலின் பயன் இங்கேதான் மிகுதி. முன்னால் போனவர்களின் காதில் உங்கள் குரல் விழவே இல்லை, இவர்களுக்கு விழும். முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்து, வீரர் பட்டியலில் பெயரைத் தேடிக் கூப்பிட்டால் இன்னும் நல்லது. இடைவெளி எவ்வளவு என்று அவர்களே கேட்பதும் உண்டு. கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், ஆறுதலுக்காகக் குறைத்துச் சொல்லாதீர்கள். கடைசியாக, விலகியவர்களை ஏற்றிவரும் வண்டியும், பந்தயம் முடிந்தது என அறிவிக்கும் வண்டியும் கடந்த பிறகே சாலை உங்களுடையது.

படி 6: முடியும் ஊருக்குப் போங்கள்

கட்டம் முடியும் சிற்றூரில் உள்ளூர்க் குழு ஒன்று பல மாதங்களாகவே வேலை பார்த்திருக்கும். தடுப்புக் கம்பிகள், ஒலிபெருக்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைந்த பதாகைகள், திறந்திருக்கும் சமுதாயக்கூடம் எல்லாம் அவர்களின் ஏற்பாடு. பரிசளிப்புக்குப் பின் கூட்டம் கலையும்போது, அணி வண்டிகள் நிற்கும் தெருவில் நடந்து பாருங்கள். தொழில்நுட்பப் பணியாளர் வாளித் தண்ணீரில் சங்கிலியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். வீரர் காரின் பின்கதவில் உட்கார்ந்து சோற்றையோ பாஸ்தாவையோ விழுங்கிக்கொண்டிருப்பார். பெரிய பந்தயங்களில் வேலிக்கு அப்பால் இருக்கும் இந்தக் காட்சிகள் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பேச்சுக் கொடுக்கலாம், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு.

மாலையில் வெளியாகும் முடிவுப் பட்டியலை இரண்டு முறை படியுங்கள். ஒட்டுமொத்த வரிசையில் முதல் பத்துப் பேருக்கிடையே எத்தனை விநாடி இருக்கிறது என்பது மறுநாள் யார் தாக்குவார், யார் காப்பார் என்பதைச் சொல்லும். அடுத்து கவுன்டி வீரர்களின் வரிசையை எடுத்து, முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். மறுநாள் வெறும் சோர்ந்த கூட்டமாகத் தெரியும் ஒன்றுக்குள் இந்த இருவரும் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டிருப்பார்கள்.

ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

இப்பகுதியின் பெரும்பகுதி அயர்லாந்தில் வசிப்பவர்களுக்கே பயன்படும். ராஸுக்கு நேரடியாக யாரும் பெயர் கொடுத்துவிட முடியாது. ஊரிலுள்ள சைக்கிள் கழகத்தில் சேர்ந்து, சைக்கிளிங் அயர்லாந்து அமைப்பின் பந்தய உரிமம் பெற வேண்டும். புதியவர்கள் ஏ4 என்ற கடைநிலை வகுப்பில் தொடங்கி, பந்தயங்களில் புள்ளி சேர்த்து ஏ3, ஏ2, ஏ1 என்று மேலேற வேண்டும். முதல் ஓராண்டுக் காலம் கூட்டத்துக்குள் தோளோடு தோள் உரச, பிரேக்கைத் தொடாமல் ஓட்டப் பழகுவதிலேயே கழியும். உடல்வலுவைவிட இதுதான் பலரைத் திணறடிக்கிறது. அடுத்ததாக, ஈஸ்டர் விடுமுறையில் கெர்ரியில் நடக்கும் ராஸ் மூன், அதே விடுமுறையில் வெக்ஸ்ஃபோர்டின் கோரி நகரில் நடக்கும் மூன்று நாள் பந்தயம் போன்றவற்றில் தொடர்ந்து சில நாட்கள் பந்தயம் ஓட்டினால் உடல் எப்படி ஈடுகொடுக்கிறது என்று தெரியவரும். முதல் நாள் நன்றாக ஓட்டுவது ஒரு திறமை. மூன்றாம் நாள் காலையில் படிக்கட்டு இறங்க முடியாத கால்களோடு மீண்டும் சைக்கிளில் ஏறி அதே வேகத்தில் ஓட்டுவது வேறொரு திறமை. பலநாள் பந்தயத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும். அன்றன்று ஓட்டம் முடிந்த அரைமணி நேரத்துக்குள் சாப்பிடுவது, ஈர உடையை உடனே மாற்றுவது, மாலையில் தேவையின்றி நிற்காமல் கிடப்பது என்ற சின்னச் சின்ன ஒழுங்குகள்தான் ஐந்தாம் நாள் வரை கொண்டுசேர்க்கின்றன.

பந்தய உரிமமே வேண்டாம், அந்தச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தால் போதும் என்பவர்கள், ஜூலை மாதத் தொடக்கத்தில் நடக்கும் ரிங் ஆஃப் கெர்ரி அறக்கொடைச் சைக்கிள் பயணத்தில் சேரலாம். ஒரே நாளில் சுமார் 170 கிலோமீட்டர், போட்டி எதுவும் இல்லை. பெண்களுக்கான ராஸ் நா மான் என்ற பலநாள் பந்தயம் 2006-இல் தொடங்கியது. அது செப்டம்பரில் நடந்துவந்திருக்கிறது, கடந்த பல ஆண்டுகளாகக் கில்கென்னி அதன் மையமாக இருந்திருக்கிறது. ஒரே ஊரை மையமாகக் கொண்ட பந்தயத்தில் தங்கும் அறையை மாற்றாமலே பல கட்டங்களைப் பார்த்துவிடலாம் என்பதால், மே மாதத்தைத் தவறவிட்டவர்களும், குழந்தைகளோடு பயணம் செய்பவர்களும் அதன் தேதிகளைப் பார்த்துத் திட்டமிடுவது எளிது.